நீ படித்துச் சொன்ன படம்

குணா,

இதை நானே எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. என் கை, என் பேனா, ஜாசின் பசாரில் நானே பொறுக்கி எடுத்த கோடு போட்ட நோட்டுப் புத்தகம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. முதல் நாள் உன் பெயரை மட்டும் எழுதினேன். அந்த 'ண'வுக்கு எத்தனை சுழி என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். எழுதி முடித்த பிறகு, அது அங்கே உன் பெயராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை. நாற்பத்தொரு வருடமாக வாயால் கூப்பிட்ட பெயர். அதற்கு ஒரு முகம் இருக்கிறது என்று எழுபத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டேதான் தூங்கப் போனேன்.

நீ இதைப் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இது உன்னிடம் எப்படி வந்து சேரும் என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. எழுதி முடிப்பதற்குள் ஒரு வழி தெரியும் என்று நினைத்து எழுதுகிறேன். அதற்கு முன்னால், நான் பார்த்த படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் எதைப் பேசுவதானாலும் நான் சினிமாவில் இருந்துதான் தொடங்குவேன். அது உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பேச்சைக்கூட ஒரு படத்தைத் திட்டித்தான் ஆரம்பித்தேன்.

நான் படிக்கப் போனதே சினிமாவுக்காகத்தான். உன் அம்மா கண்ணை மூடிய பிறகு கோவிந்தன்தான் காலையில் வந்து எனக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவான். அவனை உனக்கு நன்றாகத் தெரியும், ரப்பர் தோட்டத்தில் நமக்கு அடுத்த வீடு. அவனும் மகளோடு தெங்கேராவுக்குக் குடி போய்விட்டான். அதற்குப் பிறகு எந்தப் படம் எங்கே ஓடுகிறது என்று சொல்ல ஆளில்லை. நாளிதழை வாங்கி நடிகர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே ஆறு பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். சொல்லிக் கொடுக்கும் டீச்சருக்கு உன்னைவிட வயது குறைவு. எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் சாமிப் பாட்டு படிக்க என்றார்கள். என் முறை வந்தது. "சினிமா விளம்பரம் படிக்க" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, "இந்த வயசுல பேச்சப் பாரு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லது தாத்தா, பெரிய எழுத்துல இருந்து தொடங்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடமாக ஒரு சனிக்கிழமைகூட நான் மட்டம் போட்டதில்லை.

இப்போது படங்கள். மாதம் இரண்டு முறை, ஜாசினில் பஸ் பிடித்து மலாக்காவுக்குப் போகிறேன். வார நாளில் மத்தியானக் காட்சி. வயதானவர்களுக்குக் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. சில நாள் கொட்டகை முழுவதும் நான் ஒருவன்தான் இருப்பேன். அவ்வளவு பெரிய திரையை எனக்கு ஒருவனுக்காக ஓட்டுகிறார்களே என்று கூச்சமாக இருக்கும். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போகவும் மனம் வராது. நான் போய்விட்டால் அவர்கள் யாருக்காக நடிப்பார்கள்?

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு போலீஸ் படம் பார்த்தேன். கதாநாயகன் இன்ஸ்பெக்டர். அடிக்கிறான், அடிக்கிறான், கை ஓய்கிற வரைக்கும் அடிக்கிறான். ஒருவன் எழுந்து ஓடியாவது போகக்கூடாதா, எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு இடம் என் வாழ்நாளில் மறக்க முடியாதது. ஸ்டேஷன் வாசலைக் காட்டுகிறார்கள். மேலே பலகை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். 'காவல் நிலயம்'. 'லை' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'ல'! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். கதாநாயகனின் தம்பி குத்துப்பட்டுக் கிடக்கிற நேரம் அது. முன்வரிசையில் இருந்த பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கட்டும். இத்தனை கோடி போட்டு எடுத்தவன் கண்ணில் படாத பிழை, கைநாட்டு வைத்துக் காலம் கழித்த என் கண்ணில் பட்டதே! வீட்டுக்கு வந்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய். "அப்புறம் பேசறேன்பா, சாப்டீங்களா?" என்றாய். "சாப்டேன்" என்றேன். "மழையா அங்க?" "இல்ல." அவ்வளவுதான். அந்த 'லை'யை இரண்டு நாள் வாயிலேயே வைத்திருந்து, சனிக்கிழமை டீச்சரிடம் சொன்னேன்.

அடுத்தது கைவிடப்பட்ட அப்பாவைப் பற்றிய படம். ஊரே அழுகிறது என்று சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கிழவன் முதல் காட்சியில் அழ ஆரம்பித்தவன், சாகும் வரைக்கும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் நான்கு பேரும் கல் மனசுக்காரர்கள். ஒருத்தன்கூட நல்லவன் இல்லையாம். தனியாக இருக்கிறவன் என்ன செய்வான் என்று எடுத்தவனுக்குத் தெரியவில்லை, குணா. தனியாக இருக்கிறவன் எப்போதும் அழுதுகொண்டிருக்க மாட்டான். காலையில் எழுந்து ரொட்டிச் சானாய் கடைக்குப் போவான். போன தடவை கொஞ்சம் கருகிவிட்டது என்று கடைக்காரனிடம் வம்பு பேசுவான். ஒரு சட்டையைத் துவைத்து மூன்று நாள் போடுவான். சாயங்காலம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், செய்தி கேட்க இல்லை, வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்று. பிள்ளைகளும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளைகளாகவே இருப்பார்கள். தினமும் போன் செய்வார்கள். பேசுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது. அதை ஒரு படமாக எடுக்கச் சொல் பார்க்கலாம், யாராலும் முடியாது.

ஒரு பேய்ப் படத்துக்குக் கோவிந்தனும் தெங்கேராவில் இருந்து வந்திருந்தான். அவனுக்கு முழங்கால் வலி. படிக்கட்டில் ஏறும்போதே, "பேய் எந்த வரிசையில வரும்னு கேட்டு, அதுக்குக் கீழ உக்காரலாம்யா, மேல ஏற முடியல" என்றான். படம் தொடங்கி அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டான். இடைவேளையில் எழுப்பினேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பேய் பரவால்ல லா. சத்தந்தான் தூங்க உடல" என்றான். அந்தப் படத்தைப் பற்றி நானும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படம் ஒன்று வந்தது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். நம் நாட்டுத் தமிழ்ப் படம். ஒரு பெண் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "பசாருக்குப் போய்ட்டு வந்துர்றேன் லா" என்கிறாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்று! நம் பேச்சு அவ்வளவு பெரிய திரையில் இருந்து வந்ததைக் கேட்டு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நம்மை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதுபோல. கதையும் நல்ல கதை. குறை ஒன்றுதான். கதாநாயகன் ரப்பர் மரம் சீவுகிறான், உச்சி வெயிலில்! மத்தியானம் சீவினால் எந்த மரம் பால் கொடுக்கும்? விடியும் முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால்தானே பால். கத்தியை வேறு மீன் அறுக்கிறவன் மாதிரி பிடித்திருக்கிறான். என்னைக் கூப்பிட்டிருந்தால் சும்மாவே வந்து காட்டியிருப்பேன்.

இன்னொரு குறையும் இருக்கிறது, எல்லாப் படத்துக்கும் சேர்த்து. படத்தின் பெயரை ஏன் அப்படி எழுதுகிறார்கள்? ஒரு எழுத்து கத்தியாக வளைகிறது, ஒரு எழுத்தில் ரத்தம் சொட்டுகிறது, ஒரு எழுத்து தீப்பிடித்து எரிகிறது. புதிதாகப் படிக்க வந்தவனை நினைத்து யாராவது எழுதுகிறார்களா? முடிவில் பெயர்கள் ஓடும்போது பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழில் ஓடுகிற பெயர்களில் நான்கில் ஒன்றை நான் பிடித்துவிடுவேன். ஒரு நாள் 'சமையல்' என்ற சொல்லைப் பிடித்தேன். அதற்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பிடிப்பதற்குள் அது மேலே போய்விட்டது. யாரோ ஒரு மனிதன் அத்தனை பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறான். அவன் பெயரைப் படிக்க விடவில்லையே என்று வருத்தம். கூட்டுகிற மலாய்க்கார அம்மா துடைப்பத்தோடு வந்து நின்று, "பாச்சிக், சுடா ஹபிஸ்" என்பாள், பெரியவரே, முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று. "பெலும்" என்று நான் திரையைக் காட்டுவேன். இன்னும் முடியவில்லை. இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. என் வரிசையைக் கடைசியில் கூட்டுகிறாள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நாலு நாளாக நோட்டைத் திறந்து திறந்து மூடினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் டிவியில் ஒரு பழைய படம் போட்டார்கள். தோட்டத்தில் இருந்தபோது டேப் வாடகைக்கு எடுத்து நாம் மூன்று பேரும் பார்த்த படம். உனக்குப் பத்து வயது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் கதை. அவன் வேலை வேலை என்று ஓடுவான், அவளோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறான், அவள் இல்லை. மேசைமேல் ஒரு கடிதம். அதைத் திரை முழுக்கக் காட்டுகிறார்கள். யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை, வெறும் இசைதான். பிறகு அவன் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பலகையில் உட்காருகிறான். படம் முடிந்தது. அன்றைக்கு நான் உன்னிடம், "தம்பி, என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். நீ திரைக்குக் கிட்டே போய் நின்றாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். "வர்ற வெள்ளிக்கிழம வண்டியில வர்றேன்னு எழுதியிருக்குப்பா" என்றாய். நான் தொடையில் தட்டிக்கொண்டு, "அதான பாத்தேன்! அதுக்குத்தான் போய் உக்காந்துருக்கான்" என்றேன். உன் அம்மா எழுந்து உலையைப் பார்க்கப் போனாள்.

எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப் போனதற்குக் காரணமே அந்த முடிவுதான். அடிக்காமல், அழாமல், ஒருத்தன் உட்கார்ந்து காத்திருக்கிறான், ஒருத்தி வரப்போகிறாள். முப்பது வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்தால் அந்த மாதிரி எடுக்க வேண்டும் என்று. தோட்டத்தில் மரம் சீவி முடித்துப் பால் வாளியோடு நிற்கும்போது ஒரு நாள் கோவிந்தன், "யோவ், அவ வரமாட்டா இல்ல..." என்று ஆரம்பித்தான். நான் விட்டேனா? "என் மவன் படிச்சுச் சொன்னான்யா! ஒனக்கு அவனவிடத் தெரியுமா?" என்றேன். கோவிந்தன் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்படியா. அப்ப சரி" என்று போய்விட்டான். அவனை மடக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது டிவியில் அந்தக் கடிதம் வந்தபோது நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார்ந்தேன். இந்த முறை நானே படித்துவிடலாம் என்று. நான் தேடியது 'வெள்ளிக்கிழமை'. 'வெ' எனக்கு நன்றாகத் தெரியும், முன்னால் ஒரு கொம்பு போடுகிற எழுத்து. அந்தக் கடிதத்தில் அப்படி ஒரு 'வெ' எங்கேயும் இல்லை. முதல் சொல் 'என்னை' என்று பிடிப்பதற்குள் கடிதம் போய்விட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்குத்தான் இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை என்று நினைத்தேன். உன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சனிக்கிழமை டீச்சரிடம் சொன்னேன். அவள் போனில் தேடி அந்தப் படத்தை எடுத்து, கடிதம் வரும் இடத்தில் நிறுத்தி என் கையில் கொடுத்தாள். "நீங்களே படிங்க தாத்தா, அவசரம் இல்ல." நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். என்னைத். தேட. வேண்டாம். நான். இனி. வர. மாட்டேன்.

"சரியாப் படிச்சனா?" என்று கேட்டேன். "ஒரு தப்பு இல்ல தாத்தா" என்றாள். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். முதல் தடவையாக ஒரு முழுக் கடிதத்தைப் படித்துவிட்டேன் என்று. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். போனை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கோவிந்தனுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் படத்துல அவ வரமாட்டேன்னுதான எழுதியிருக்கா?"

"ஆமா" என்றான்.

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"என்னாத்தச் சொல்றது? பையன் படிச்சான் பையன் படிச்சான்னு நீ அப்படிக் குதிக்கிற. சின்னப் புள்ள, மலாய்ப் பள்ளியில போட்டுட்ட, அவனுக்கு எங்க தமிழ் வரும்? நான் சொல்லிப்புட்டு, நீ போய் அவன அடிக்கவா?" என்றான். பிறகு, "அவன் சொன்னதும் நல்லாத்தான்யா இருந்துச்சு" என்றான்.

அன்றைக்கு ராத்திரி நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசித்தேன். பிறகு அந்தக் கடிதத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்கு விளங்கிவிட்டது, குணா. 'வர மாட்டேன்' என்பதில் 'வர' இருக்கிறது. 'வ', 'ர' இரண்டும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் முதலாம் வகுப்பில் நீ படித்தவை. அந்த ஒரு வருடத்தில் உன் கையில் இருந்தது அவ்வளவுதான். அந்த 'வர'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றதை நீயே கட்டியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை என்றால் அம்மா பாயசம் வைப்பாள், உனக்குப் பிடித்த நாள். அதனால் அவளை வெள்ளிக்கிழமை வர வைத்துவிட்டாய். பத்து வயதுப் பிள்ளை, முன்னால் அப்பன் நிற்கிறான், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் கோபம் ஒரு துளிகூட வரவில்லை. அந்த வயதில் என்ன ஒரு மூளை என்றுதான் தோன்றியது. படம் எடுத்தவனைவிட நல்ல முடிவு வைத்திருக்கிறாய்.

அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும், எழுத்து வருகிற நேரம் நீ தண்ணீர் குடிக்கப் போவாய். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உன் அம்மாவும், "படத்தப் பாத்தா புரியல? எதுக்குப் புள்ளயப் போட்டுத் தொந்தரவு பண்றீங்க" என்பாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. உன்னைக் காப்பாற்ற என்னைத் திட்டியிருக்கிறாள். வீட்டில் மூன்று பேர், அடுத்த வீட்டில் ஒருவன். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. வளர்ந்த பிறகு நீ என்னோடு படம் பார்ப்பதையே விட்டாய். "நான் இப்பலாம் படமே பாக்கறது இல்லப்பா" என்று போனில் நீ சொல்லும்போதெல்லாம், பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான், நம் ரசனை அவனுக்கு ஆகாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அது அப்படி இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

நடந்தது என் குற்றம். உன் குற்றம் இல்லை. நீ முதலாம் வகுப்பு முடித்ததும், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என்னிடம், "தமிழ்ப் பள்ளியில படிச்சா திரும்பவும் இங்கதான் மரம் சீவணும், மலாய்ப் பள்ளியில போடு" என்றார். கால்சட்டை போட்டவர், படித்தவர் சொல்கிறார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. உன் அம்மா, "அவன ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். "அவனுக்கு என்ன தெரியும்" என்றேன். ஜனவரி மாதம் பள்ளி திறந்த அன்று உன்னைப் புதுச் சட்டையோடு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். தமிழ்ப் பள்ளியைத் தாண்டும்போது நீ இறங்கப் பார்த்தாய். அதுதான் உன் பள்ளி, எனக்கு வழி மறந்துவிட்டது என்று நினைத்து, "அப்பா, அப்பா, தாண்டிட்டீங்க" என்று முதுகில் தட்டினாய். நான் நிறுத்தாமல் மிதித்தேன். நீ தட்டிக்கொண்டே வந்தாய். மலாய்ப் பள்ளி வாசல் வரைக்கும் தட்டினாய்.

நீ நன்றாகப் படித்தாய். கடல் தாண்டிப் பின்துலுவில் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாய். கிராணி சொன்னது பலித்தது என்றும் சொல்லலாம். அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கிடைக்காத ஒன்று உன் கைக்கு வந்து ஒரு வருடம் இருந்தது. அதை நான்தான் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு, அது உன்னிடம் இன்னும் இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். உனக்கும் மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை எங்கே படிக்க வைப்பது என்று ஒரு நாள் நீயும் மருமகளும் யோசிப்பீர்கள். அங்கே தமிழ்ப் பள்ளி இல்லை, எனக்குத் தெரியும். நான் அதைக் கேட்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போடு. ஆனால் கால்சட்டை போட்டவனைக் கேட்டு முடிவு செய்யாதே. அவள் முதுகில் தட்டினால் வண்டியை நிறுத்திவிட்டு, என்னம்மா என்று கேள்.

இனி, இதை உன்னிடம் எப்படிச் சேர்ப்பது? டீச்சரிடம் பொதுவாகக் கேட்டேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. சந்தேகமான சொற்களை மட்டும் தனித் தாளில் எழுதிக் கேட்பேன். 'ரத்தம்', 'குற்றம்', 'பாயசம்' என்று வரிசையாகக் கேட்டால் அவள் என்ன நினைத்திருப்பாளோ! "இப்பலாம் போன்ல படம் புடிச்சா மலாய்ல மாத்திக் குடுத்துரும் தாத்தா" என்றாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. நோட்டில் வேறு ஒரு பக்கத்தில், 'மகனே, நான் நலமாக இருக்கிறேன்' என்று எழுதிப் பிடித்துப் பார்த்தோம். "ஆடு மழையில் ஏறியது" என்று மலாயில் வந்தது. என் கையெழுத்து அப்படி. வாயால் பேசி அனுப்பலாம் என்று போனில் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். 'குணா' என்றேன். பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. எழுதும்போது வருகிற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

தபாலில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் உறையும் வாங்கினேன். முகவரி எழுதும்போதுதான் புத்தி வந்தது. இது உன் கைக்கு வந்தால் நீ என்ன செய்வாய்? உன் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை. நீ பின்துலுவில் யாராவது ஒரு தமிழரைத் தேடிப் போய், இதை நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா" என்று நிற்க வேண்டும். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், குணா. எழுபது வருடம் நின்றிருக்கிறேன். வாங்குகிறவன் முதலில் காகிதத்தைப் பார்க்க மாட்டான், உன் முகத்தைப் பார்ப்பான். அங்கே உன்னைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன்.

அதனால் நானே கொண்டு வருகிறேன். இதுவரை விமானம் ஏறியதில்லை. நீ எத்தனையோ முறை கூப்பிட்டாய், முழங்கால் என்றேன், ரத்த அழுத்தம் என்றேன். எல்லாம் பொய். அங்கே வந்து உன்னோடு என்ன பேசுவது என்று பயம். இப்போது பேச இருக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுக்கக் கோவிந்தனின் மகளிடம் சொல்லிவிட்டேன். உனக்குப் போனில் தேதியை மட்டும் சொல்வேன், காரணம் சொல்ல மாட்டேன்.

வந்து முதல் நாள் ஒன்றும் வேண்டாம். பேத்தியோடு விளையாடுகிறேன். மருமகள் சமைப்பதைச் சாப்பிடுகிறேன். மறுநாள் வேலை முடிந்து நீ வந்ததும் இந்த நோட்டை எடுத்து நான் உனக்குப் படித்துக் காட்டுவேன். மெதுவாகத்தான் படிப்பேன், அவசரப்படுத்தாதே. போலீஸ் படம் வரும்போது சிரிக்க வேண்டும், அது உன் பொறுப்பு. ஆனால் அந்தச் சைக்கிள் வருகிற இடத்தில் நான் நின்றுவிடுவேன் என்று நினைக்கிறேன். எழுதும்போதே மூன்று நாள் நின்றேன். அந்த நேரம் என் முகத்தைப் பார்க்காதே, தம்பி. ஒன்றும் சொல்லவும் வேண்டாம். எதிரில் ஏதோ படம் ஓடுவது மாதிரி நேரே பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திரு. நான் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே படித்துவிடுவேன்.

உன் அப்பா